காய்ச்சல் விட்ட பிறகும் 14 நாள்

ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர், பிலாய் போன்ற இரும்பாலை ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கு மலேரியா புதிய விருந்தாளி அல்ல. "குளோரோகுயின் இருக்கா?" என்று மருந்துக்கடையிலேயே வைத்தியத்தை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. எந்த மலேரியா என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை விழுங்குவது சரியல்ல.

நம் நாட்டில் பெரும்பாலும் காண்பவை வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்ற இரண்டு வகை. வைவாக்ஸுக்குக் குளோரோகுயின் இன்றும் நன்றாகவே கேட்கிறது. மூன்று நாள் மருந்து, காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் அது ரத்தத்தில் திரியும் கிருமியைத்தான் கொல்லும். கல்லீரலில் தூங்கும் கிருமிகள் மாதங்கள் கழித்தும் விழித்துக்கொள்ளும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போன இடத்தில் திடீரென்று குளிரும் நடுக்கமும் வரலாம். "தண்ணி ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்வார்கள். அங்குள்ள டாக்டரிடம் பழைய மலேரியாவைச் சொல்லிவிடுங்கள்.

கல்லீரல் கிருமிக்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். "காய்ச்சல்தான் விட்டாச்சே, இனி எதுக்கு?" என்று பாதியில் நிறுத்துவதே நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவேண்டும்.

மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் குளோரோகுயினுக்கு அடங்காதது இந்தியாவில் முதலில் அசாமில், 1973இல் தெரியவந்தது. இதற்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து. சீன மூலிகையிலிருந்து இதைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்து வேகமாகக் கொல்லும், சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். மிச்சத்தைத் தீர்க்கவே துணை மருந்து. அந்தத் துணை லூமெஃபேன்ட்ரினாக இருந்தால் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். காய்ச்சலுக்கு வெறுங்கஞ்சி கொடுக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது, பாலோடு கொடுங்கள்.

தடுப்பு மாத்திரை, இங்கேயே குடியிருப்பவர்கள் ஆண்டு முழுக்கச் சாப்பிடுவதற்கல்ல, நமக்குக் கொசுவலைதான். மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிக்குச் சில வாரம் போகிறவர்களுக்கு டாக்சிசைக்ளின் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கிடையாது. நீண்ட நாள் தங்குவோருக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின். வலிப்பு, மனநோய் இருந்தவர்களுக்கு ஆகாது. டாக்சிசைக்ளினைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிடவேண்டும்.