திவ்யகிருதி சிங்கும் அட்ரினலின் ஃபிர்ஃபோடும்

2023 செப்டம்பர் 26. சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியின் குழுப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. ஜெய்ப்பூரைச் சேர்ந்த திவ்யகிருதி சிங், அட்ரினலின் ஃபிர்ஃபோட் என்ற குதிரையில் ஏறி 68.176 விழுக்காடு பெற்றார்.

போட்டி எப்படி நடக்கிறது?
டிரெஸ்ஸாஜில் வேகத்துக்கும் தாண்டலுக்கும் இடமில்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், முன்பே வகுத்த வரிசைப்படி குதிரை நடக்கும், துள்ளும், திரும்பும், பக்கவாட்டில் நகரும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். குரல் கொடுக்கக் கூடாது. உட்காரும் விதம், காலின் அழுத்தம், கடிவாளத்தின் இழுப்பு இவற்றாலேயே குதிரையிடம் பேச வேண்டும். அந்தப் புரிதல் பல ஆண்டுப் பயிற்சியில் மட்டுமே கூடிவரும். திவ்யகிருதி அதற்காக ஜெர்மனியில் தங்கிப் பயின்றார்.

நால்வர் அணி
சுதீப்தி ஹஜேலா, ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகியோர் அணியின் மற்ற மூவர். சிறந்த மூன்று மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 209.205. சீனா 204.882 பெற்று வெள்ளி வென்றது.

பெண்களின் இடம்
ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் பெண்கள் 1952 முதலே அனுமதிக்கப்பட்டனர். இன்று ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதிகளின்படி மோதுகிறார்கள். குதிரைப்படைகளின் வழியே வளர்ந்த இந்தியக் குதிரையேற்றத்தில், அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் திவ்யகிருதி.