பணம் கட் ஆயிடுச்சு, ஆனா கடைக்காரருக்கு வரலை: அந்த இடைவெளியில் நடப்பது என்ன?

டீக்கடையில் 30 ரூபாய்க்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். பின் போட்டாச்சு, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது. ஆனால், கடையிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கவில்லை. "எனக்கு வரலையே தம்பி" என்கிறார் கடைக்காரர். "எனக்குக் கட் ஆயிடுச்சுண்ணே" என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

அப்படியானால் அந்த 30 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறது?

உங்கள் வங்கியில்தான் இருக்கிறது. உங்கள் கணக்கை விட்டு வெளியே வந்துவிட்டது, வங்கியை விட்டு இன்னும் நகரவில்லை. சொல்லப்போனால், அந்த ஸ்பீக்கர் பெட்டி சத்தமாகப் பேசியிருந்தாலும் அந்த நிமிடத்தில் பணம் நகர்ந்திருக்காது. யுபிஐ-யில் சில நொடிகளில் பயணிப்பது தகவல் மட்டும்தான். பணம் பின்னால் மெதுவாக வருகிறது. நடுவில் இருக்கும் சில மணி நேரத்தை வங்கிகள் ஒன்றின் மீது ஒன்று வைத்திருக்கும் நம்பிக்கைதான் தாங்கிப் பிடிக்கிறது.

நாலு பேர் பேசிக்கொள்ளும் கதை

2016-ல் 21 வங்கிகளுடன் தொடங்கியது யுபிஐ. இன்று 600-க்கும் மேற்பட்ட வங்கிகள் இதில் இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தன. ஒவ்வொரு வங்கியின் சர்வரும் வேறு, மென்பொருள் வேறு, கணக்குப் புத்தகம் வேறு. ஒரு வங்கி இன்னொன்றின் கணக்குக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் நிற்பது என்பிசிஐ என்ற நிறுவனம்.

நீங்கள் பின் போட்டதும், ஆப் அதைத் தன்னோடு இணைந்த வங்கி வழியாக என்பிசிஐ-க்கு அனுப்புகிறது. அந்தப் பின் பூட்டப்பட்ட வடிவில்தான் போகிறது. அதைப் படிக்க ஆப்பால் முடியாது. கடைக்காரரின் யுபிஐ ஐடி எந்த வங்கிக் கணக்கைக் குறிக்கிறது என்று என்பிசிஐ கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பிறகு உங்கள் வங்கியிடம், "இவர் கணக்கில் 30 ரூபாய் எடு" என்கிறது. பின் சரிதானா, பணம் இருக்கிறதா என்று பார்த்து, எடுத்துவிட்டு, "எடுத்தாச்சு" என்கிறது வங்கி. அடுத்து கடைக்காரரின் வங்கியிடம், "இவர் கணக்கில் 30 ரூபாய் போடு" என்று சொல்லப்படுகிறது. அது "போட்டாச்சு" என்றதும் உங்கள் போனில் பச்சை டிக் வரும், கடையில் பெட்டி பேசும்.

இதில் எந்தக் கட்டத்திலும் சிக்கல் வரலாம். உங்கள் வங்கியே மறுத்துவிட்டால் பிரச்சினை இல்லை, பணம் போகவில்லை, அவ்வளவுதான். கடைக்காரரின் வங்கி தெளிவாக "போட முடியாது" என்றாலும் சமாளிக்கலாம், எடுத்த பணத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம். அந்த வங்கி எதுவுமே சொல்லாமல் இருப்பதுதான் தலைவலி. "போடு" என்று சொன்னதே அதற்குப் போய்ச் சேரவில்லையா? அல்லது அது போட்டுவிட்டு, சொன்ன பதில் வழியில் தொலைந்துவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: மௌனம். உடனே உங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், கடைக்காரருக்கும் போயிருந்து, இரட்டிப்பாகிவிடலாம். அதனால்தான் திரையில் 'பெண்டிங்'. பிறகு இரு வங்கிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பணம் எப்போது நகர்கிறது?

ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் காலையிலிருந்து இன்னொரு வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு மொத்தம் 10 கோடி ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த் திசையில் 9.5 கோடி வந்திருக்கிறது. லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பரிவர்த்தனைகள் அவை. ஆனால், இந்த இரண்டு வங்கிகளுக்கும் இடையே உண்மையில் கைமாற வேண்டியது 50 லட்சம் மட்டுமே. என்பிசிஐ இப்படி எல்லா வங்கிகளுக்கும் கணக்குப் போட்டு, ஒரு நாளில் பல சுற்றுகளாக, ரிசர்வ் வங்கியில் அந்தந்த வங்கிகள் வைத்திருக்கும் கணக்குகளில் வரவு செலவை நேர் செய்கிறது.

அதுவரை? கடைக்காரரின் வங்கி, உங்கள் வங்கியிடமிருந்து ஒரு பைசாகூட வாங்காமலேயே அவர் கணக்கில் 30 ரூபாயைப் போட்டுவிட்டது. அவர் அதை எடுத்து உடனே பால்காரருக்குக் கொடுத்தும் இருக்கலாம். ஒரு வகையில் இது சில மணி நேரக் கடன். அந்தக் கடன் எல்லை மீறாமல் இருக்க, ஒவ்வொரு வங்கியும் எவ்வளவு வரை பாக்கி வைக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. யாராவது கட்ட முடியாமல் போனால் சமாளிக்க, உறுப்பு வங்கிகள் பங்களிக்கும் உத்தரவாத ஏற்பாடும் இருக்கிறது.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து லேவாதேவி செய்த காலத்தில் உண்டியல் என்ற சீட்டு இருந்தது. ஓரூரில் பணம் கட்டி வாங்கிய சீட்டை இன்னோரூர் கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். காசு மூட்டை எதுவும் கப்பல் ஏற வேண்டியதில்லை. கடைகள் தங்களுக்குள் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். அன்று எழுதியவரின் பெயருக்கு இருந்த மதிப்பு செய்த வேலையை இன்று விதிகள் செய்கின்றன.

விதி இல்லாத இடத்தில் இந்தச் சில மணி நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு உலகமே சொல்லும் உதாரணம் ஜெர்மனியின் ஹெர்ஷ்டாட் வங்கி. 1974 ஜூன் 26 அன்று, ஜெர்மனியில் வங்கி நேரம் முடிந்ததும் அதிகாரிகள் அதை இழுத்து மூடினார்கள். அன்று பகலில் அந்த வங்கிக்கு ஜெர்மன் மார்க்கைக் கொடுத்துவிட்டு, நியூயார்க்கில் டாலராகத் திரும்ப வரும் என்று காத்திருந்தவர்கள் கையை விரிக்க வேண்டியதாயிற்று. அப்போது நியூயார்க்கில் காலை நேரம்தான், டாலர் இன்னும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கொடுத்ததற்கும் வாங்குவதற்கும் இடையே விழும் இந்தப் பள்ளத்துக்கு 'ஹெர்ஷ்டாட் ரிஸ்க்' என்றே பெயர் வந்துவிட்டது.

நம்ம ஊரில் ஒரு நாள் நின்றுபோனது

2020 மார்ச் 5 இரவு, யெஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அந்த வங்கியில் கணக்கு இருப்பவர்கள் பதறியது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால், வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்களும் அன்று போன்பே வேலை செய்யாமல் திண்டாடினார்கள். அவர்களின் பணம் பத்திரமாகத்தான் இருந்தது. போன்பே யுபிஐ-க்குள் நுழைய வைத்திருந்த ஒரே வாசல் யெஸ் வங்கி என்பதுதான் சிக்கல். சுமார் ஒரு நாளுக்குப் பிறகு ஐசிஐசிஐ வங்கி வழியாகச் சேவை திரும்பியது. இன்று போன்பே ஐடிகளின் கடைசியில் ஒய்பிஎல், ஐபிஎல், ஏஎக்ஸ்எல் என்று மூன்று விதமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று வங்கி, மூன்று வாசல். (நடுவில் இருப்பது கிரிக்கெட் இல்லை, ஐசிஐசிஐ!)

2025 ஏப்ரலில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று நிலையைக் கேட்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பியதில் என்பிசிஐ-யின் அமைப்பு திணறிப்போனதே காரணம் என்று தெரிந்தது. பழைய பரிவர்த்தனைகளைக்கூட விடாமல் கேட்டிருக்கிறார்கள். "போச்சா? போச்சா?" என்று ஒவ்வொருவரும் கேட்டுக் கேட்டே, போக வேண்டியதும் போகாமல் நின்றது. அதன் பிறகுதான், எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கலாம், எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது.

உங்கள் 30 ரூபாய்க்கு வருவோம்

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இருக்கிறது. வங்கிகள் இதைப் பற்றி அதிகம் வாய் திறப்பதில்லை என்பதால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி உறுதியாகாமல் போனால் 5 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு. போன தொகை 30 ரூபாயாக இருந்தாலும் இதே கணக்குதான். நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. நடைமுறையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம்.

கேட்பதற்குக் கையில் இருக்க வேண்டியது அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கடைக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது, போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுவது அவ்வளவு சுலபம். ஸ்பீக்கர் பெட்டிக்கு மதிப்பு வந்ததே அதனால்தான்: உங்கள் போன் சொல்வதை அது கேட்பதில்லை, அவர் பக்கத்திலிருந்து வரும் தகவலைத்தான் சொல்கிறது. ஆகவே அந்த நேரத்தில் கையில் காசு இருந்தால் கொடுத்துவிடலாம், நம்பரைக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேசலாம். பெண்டிங் என்று காட்டும்போதே பதறி இரண்டாவது முறை ஸ்கேன் செய்தால், இரண்டுமே போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் திருப்பிக் கேட்க வேண்டியது வங்கியிடம் இல்லை, கடைக்காரரிடம்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனிலேயே எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.