முற்றாத் தொகையும் சுவைஞர் முறையீடும்

தொகுத்தல் தமிழர்க்குப் பழைய தொழில். எட்டுத்தொகை நூல்கள் சிலவற்றில் பாடினோர் பெயருடன் தொகுத்தோர் பெயரும் தொகுப்பித்தோர் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். அதனைத் தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இங்ஙனம் போற்றித் தொகுக்கப்பெற்றவையும் முழுமையாக நம் கைக்கு வந்தில. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. பரிபாடல் 70 என்ப. முழுமையாகக் கிடைத்தவை 22. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்களும், ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்களும் மறைந்தன. இவ்விழப்பினை எண்ணி வருந்தாத தமிழாசிரியர் இலர்.

இதனையொத்த வருத்தம் ஒன்று நம் காலத்துப் பொதுமக்களிடையே எழக் காண்கின்றோம். ஓர் இசையமைப்பாளரின் பாடல்களையோ, ஓர் இயக்குநரின் பாடற்காட்சிகளையோ தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிடுமாயின், அதனை வாங்கியோர் முதற்கண் தேடுவது அதில் இல்லாததனையே. “அப்பாட்டு எங்கே?” என்னும் வினா உடனே பிறக்கின்றது. இவ்வினாவை ஆர்வமிகுதியால் எழும் குறை கூறல் எனக் கொண்டு புலவருலகம் புறக்கணித்தல் தகாது. தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் தோன்றிய கலைஞர்தம் ஆக்கங்களைச் சான்றாகக் கொண்டு, அம்முறையீட்டின் வகைகளையும் அது மூலபாட ஆராய்ச்சிக்குப் பயன்படுமாற்றையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கலைஞரும்

முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெறும் கம்பம் பள்ளத்தாக்கு, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்டது. 1996 இல் மதுரை மாவட்டத்தினின்றும் தேனி மாவட்டம் பிரிக்கப்பெற்றது. இம்மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943 இல் பிறந்தவர் இளையராசா. அவர்தம் தம்பியார் கங்கை அமரனும் அவ்வூரினரே. இயக்குநர் பாரதிராசா அல்லிநகரத்தார். கவிஞர் வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். ‘அன்னக்கிளி’ 1976 இலும், ‘16 வயதினிலே’ 1977 இலும் வெளிவந்தன. அதன்பின் ஆயிரத்தின் மேற்பட்ட படங்களுக்கு இளையராசா இசையமைத்தார். ஒருவர் ஆக்கம் இத்துணை விரிந்ததாயின், அதனை முழுதும் தொகுத்தல் அரிது என்பது வெளிப்படை.

இப்பகுதி மக்கள் இப்பாடல்களை அறிந்த முறையும் நினைவில் கொள்ளத்தக்கது. படம் ஊர்க் கொட்டகைக்கு வருமுன்னரே பாட்டு வந்துவிடும். திருமண வீட்டிலும், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாப் போன்ற பெருவிழாக்களிலும், ஒலிபெருக்கி வழியே இசைத்தட்டுக்கள் முழங்கின. இலங்கை வானொலியும் பாட்டைப் பரப்பியது. ஆகவே, கேட்ட பாட்டினை மனத்திற்கொண்டே மக்கள் படம் காணச் சென்றனர். கேட்டதும் கண்டதும் வேறுபட்டபோது முதல் முறையீடு பிறந்தது.

தட்டில் உண்டு, படத்தில் இல்லை

பாரதிராசா இயக்கி 1980 இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்திற்கு இசைத்தட்டில் அமைந்த பாடல்கள் நான்கு. வைரமுத்து முதன்முதலாகத் திரைப்பாட்டு எழுதியதும் இப்படத்திற்கே. இந்நான்கனுள், எசு. சானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட’ எனத் தொடங்குவது படத்தில் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டு, 1981 இல், அதே இயக்குநரின் ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. அதன் இசைத்தட்டில் கங்கை அமரன் எழுதிச் சானகி பாடிய ‘புத்தம் புதுக் காலை’ உண்டு, படத்தில் இல்லை. அது கைவிடப்பட்ட வேறொரு படத்திற்கென முன்னர் அமைந்த பாட்டு. பின்னர் அதன் மெட்டு 2009 இல் ‘பா’ என்னும் இந்திப் படத்தில் பயின்றது. 2014 இல் ‘மேகா’ என்னும் தமிழ்ப் படத்தில் அப்பாட்டே புதிய குரலில் இடம்பெற்றது.

இவற்றைக் குறித்துச் சுவைஞர் இருவேறு நிலையினராகின்றனர். காட்சித் தொகுப்பில் இவை இல்லையே என வருந்துவோர் ஒரு சாரார். காட்சி இன்மையே நன்றென்போர் மற்றொரு சாரார். பின்னையோர் கருத்து ஆராயத்தக்கது. அகப்பாட்டிற்குக் கூற்று இன்றியமையாதது. தலைவி கூற்றோ, தோழி கூற்றோ, எந்தச் சூழலில் யாரை நோக்கிக் கூறியதோ என்பதனைப் பாட்டின் அடியில் நிற்கும் துறைக்குறிப்பு உணர்த்துகின்றது. திரைப்பாட்டிற்குப் படக்காட்சியே துறைக்குறிப்பு. காட்சியை இழந்த பாட்டு, துறைக்குறிப்பை இழந்த அகப்பாட்டினைப் போல்வது. பாடுபவள் யார், எந்நிலையில் பாடுகின்றாள் என்பவற்றைக் கேட்போனே வருவித்துக் கொள்ளுதல் வேண்டும். அங்ஙனம் வருவித்ததனை இழக்க அவன் விரும்புவதில்லை. ஆகவே, இங்கு ‘இல்லை’ என்பது இழப்பைக் குறிப்பதோடு, கேட்போன் உரை காண்பதற்கு இடமளிக்கும் வெற்றிடத்தையும் குறிக்கின்றது.

படத்தில் உண்டு, தட்டில் இல்லை

இரண்டாம் வகை இதற்கு மறுதலையானது. நீள இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிட அளவினும் சற்று மிகுதியாகவே கொள்ளும். சிறுதட்டில் பக்கத்திற்கு இரண்டு பாடல்கள் அடங்குதல் பெருவழக்கு. பின்னர் வந்த 60 நிமிட ஒலிநாடாவில் ஒரு பக்கத்திற்கு 30 நிமிடமே; ஒரு பக்கத்தில் ஒரு படமும் மறுபக்கத்தில் வேறொரு படமும் அமைத்து விற்றலும் உண்டு. எனவே பொருளின் கொள்ளளவே தொகையின் எல்லையை வகுத்தது. பெயர் காட்டும் வேளையில் ஒலிக்கும் பாட்டு, இரண்டடியில் முடியும் துணுக்குப் பாட்டு, சோகச் சூழலில் மீண்டும் வரும் அதே பாட்டின் வேறு வடிவம் ஆகியன பலகால் விடுபட்டன. பின்னணி இசையோ பெரும்பாலும் தட்டில் ஏறியதே இல்லை.

இளையராசாவின் சுவைஞர் மிகுதியாக முறையிடுவது இப்பின்னணி இசை குறித்தே. அவர்கள் முறையிட்டதோடு நில்லாது செயலிலும் இறங்கினர். தொலைக்காட்சியில் படம் வரும்போது பதிவு செய்தும், நிகழ்படத் தகடுகளினின்றும் பிரித்தெடுத்தும், உரையாடல் குறுக்கிடாத பகுதிகளை ஒட்டியும் தமக்கெனத் தொகைகள் அமைத்தனர். தகடூர் யாத்திரை என்னும் நூல் மறைந்தும், அதன் செய்யுட்கள் சில தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் வாழ்கின்றன. மேற்கோளினின்றும் மூலத்தை மீட்கும் அம்முயற்சிக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு சிறிதே. உரையாசிரியரின் மேற்கோளை நாடுவார் புலவர். படத்தின் ஒலித்தடத்தை நாடுவார் சுவைஞர்.

பதிவாகியும் வெளிவாராதது

மூன்றாம் வகை, உண்டென அறியப்பட்டும் ஒருவரும் கேட்கவியலாதது. 1993 இல் இளையராசா இலண்டன் சென்று, இராயல் பில்ஆர்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனி பதிவு செய்தார். அது வெளியிடப்பெறவில்லை. அவர்தம் தொகுப்பு எதனைக் கண்டாலும், இதனை நினைந்து ஏங்குதல் அவர் சுவைஞர்க்கு இயல்பாயிற்று. 2025 மார்ச் 8 ஆம் நாள் இலண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’ புதிதாக எழுதப்பெற்ற வேறோர் ஆக்கம். ஆதலின் பழைய இடம் நிரம்பியதாகக் கருதுதல் பொருந்தாது. எனினும், இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவோரும் உளர். பெயரளவில் இனமாகும் இரு நூல்களை ஒன்றென மயங்குதல் இலக்கிய வரலாற்றிலும் நிகழும் பிழையே.

பிறநாட்டு ஒப்புமை

இம்முறையீடு தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 2003 இல், இசைக்காணொளி இயக்குநர்தம் ஆக்கங்களை ஒவ்வொருவருக்கும் ஒரு தகடாகத் தொகுக்கும் வரிசை ஒன்று மேனாட்டில் வெளிவந்தது. இசுபைக் சோன்சு, கிறிசு கன்னிங்காம், மிசெல் கோந்திரி ஆகிய மூவரின் தகடுகள் முதலில் வந்தன. 2005 இல் மேலும் நால்வர்க்கு வந்தன. இவை தேர்ந்தெடுத்த தொகைகளே, முழுத்தொகைகள் அல்ல. வாங்கியோர், விடுபட்டவற்றின் பட்டியலைத் தாமே வகுக்கலாயினர். 2009 இல் கோந்திரி, முன்னதில் இடம்பெறாத காணொளிகளைக் கொண்ட இரண்டாம் தொகை ஒன்றினை வெளியிட்டார். இயக்குநர் ஒருவர் தம் முதல் தொகையின் எல்லையைத் தாமே விரித்தமைக்கு இது சான்று.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. தொகை என்னும் ஒரு சொல், தேர்ந்தெடுத்தலையும் முழுதும் திரட்டுதலையும் ஒருங்கே குறிக்கின்றது. வெளியிடுவோர் முன்னதனைக் கருதுகின்றனர். வாங்குவோர் பின்னதனை எதிர்பார்க்கின்றனர். அடியளவைக் கொண்டு குறுந்தொகை, நற்றிணை, நெடுந்தொகை என வகுத்த நம் முன்னோர், தொகையின் வரம்பு இன்னதென்பதை அறிந்து செய்தனர். 31 அடிப் பாட்டு அகநானூற்றில் அமையும். குறுந்தொகையில் இல்லையே என எவரும் வருந்தார். வரம்பு கூறப்பெறாத தொகையே முறையீட்டிற்கு இடமாகின்றது.

சுவைஞரே தொகுத்தோராதல்

ஒலிநாடாக் காலத்தில், தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. விரும்பும் பாடல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் வெற்று நாடாவில் அவ்வரிசையிற் பதிந்து தருவார். எழுதிக் கொடுத்தவன் தொகுத்தோன், கடைக்காரர் ஏடெழுதுவோர். தாளில் கண்ட பாட்டு கடையில் இல்லையாயின் வேறொன்றைப் பதிந்து நிரப்புதலும் உண்டு. ஏடெழுதுவோர் இடைச்செருகிய பாடல்களை நாம் அறிவோமன்றோ?

ஈண்டு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சுவைஞர் தொகைகள் பயனுடையன. ஆயினும் ஆராயாது ஏற்கத்தக்கன அல்ல. எத்தட்டினின்றும் எந்நாளிற் பெயர்த்தனர் என்னும் குறிப்பு அவற்றிற் பெரும்பாலும் இல்லை. இரைச்சல் நீக்கும் கருத்தால் ஒலியை மாற்றியதும் உண்டு. ஆசிரியர் தெரியாத நல்லிசையைத் தாம் போற்றும் ஒருவர்க்கே உரிமையாக்கும் விருப்பமும் மிகுதி. ஔவையார் பெயரால் பல காலத்துப் பாடல்கள் வழங்குதல் இத்தகைய அன்பின் விளைவே. கூடலூர் கிழாரின் கூடலூர், பெயரொற்றுமை பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே எனத் துணிதல் எங்ஙனம் பொருந்தாதோ, அங்ஙனமே குரலொற்றுமை பற்றிப் பாடகரைத் துணிதலும் பொருந்தாது.

செய்யத்தக்கன

திரைப்பாட்டினை ஆராய்ந்து பட்டம் பெறுவோர் தொகை ஆண்டுதோறும் பெருகுகின்றது. அவர்கள் இணையத்தில் ஒலிக்கும் வடிவத்தையே மூலமாகக் கொள்கின்றனர். அவ்வடிவம் பெரும்பாலும் இசைத்தட்டின் வழிவந்தது. படத்தின் வடிவம் அன்று. ‘நிழல்கள்’ படத்துப் பாடல்கள் மூன்றோ, நான்கோ என்னும் எளிய வினாவிற்கே, படத்தைக் கொண்டோர் ஒரு விடையும் தட்டைக் கொண்டோர் வேறொரு விடையும் தருவர். எண்ணிக்கையே மாறுபடுமாயின், அதன்மேல் எழுப்பும் முடிபு எங்ஙனம் நிலைபெறும்? ஆதலின், ஒவ்வொரு பாட்டிற்கும் தட்டு வடிவம், பட வடிவம், பிற்கால மறுபதிவு என்பவற்றைத் தனித்தனியே குறித்துப் பாடவேறுபாடு காட்டுதல் ஆய்வாளர் கடமையாகும்.

காலமும் நமக்காகக் காத்திராது. பழைய ஒலிநாடாவில் பூஞ்சை படர்கின்றது, படச்சுருள் சிதைகின்றது. பதிவுக் கடைகள் மறைந்தன. ஒலிபெருக்கி நிலையங்களில் எஞ்சிய தட்டுக்கள் பழைய பொருள் வாங்குவோர் கைக்குச் செல்கின்றன. பாடல் உரிமை குறித்த வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றமை நாடறிந்தது. அவ்வுரிமைச் சிக்கல் தீர்ந்தபின் தொகுப்போம் என வாளாவிருத்தல் அறிவுடைமையன்று. தட்டின் உறையில் அச்சிட்ட பெயர், எண், ஆண்டு ஆகியவற்றைப் படியெடுத்து அட்டவணைப்படுத்துதல், பாட்டைப் பெயர்த்தெடுத்து வெளியிடுதலினும் எளிது. தேனி மாவட்டத்து ஊர்களில் இப்பணியினைத் தொடங்குதல் முதுகலை மாணவர் இருவர் மூவர் ஒரு கோடை விடுமுறையில் செய்யத்தக்க அளவினதே. அவர்கள் முதலில் அணுக வேண்டியவர், “அப்பாட்டு எங்கே?” எனக் கேட்டுக்கொண்டிருக்கும் முதிய சுவைஞரே. எப்பாட்டு, எத்தட்டில், எத்திருவிழாவில் ஒலித்தது என்பதனை நினைவில் வைத்திருப்போர் அவரே. அந்நினைவு ஏட்டில் ஏறுமுன் அவரும் மறைவராயின், மறைந்தது இன்னதென்று கூறுதற்கும் நமக்குச் சான்று இராது.