மூன்றாம் மாடிக்கு எட்டாத வாசல்

சென்னையில் நான் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் வாசலில், வாட்ச்மேனின் நாற்காலிக்கு நேர் மேலே, கம்பியில்லாக் கண்காணிப்புக் கேமரா ஒன்றைச் சென்ற வருஷம் பொருத்தினோம். அதற்கு இணைப்பு வழங்கும் ரவுட்டரோ மூன்றாம் மாடியில், சங்கச் செயலாளர் வீட்டுக் கூடத்தில், டி.வி. அலமாரிக்குப் பின்னால் இருந்தது. வண்டி ஒன்று உள்ளே நுழையும் தறுவாயில் படம் அப்படியே உறைந்து நின்றுவிடும். மறுபடி அசையும்போது வண்டியும் இராது, வந்தவரும் இரார். பிள்ளைகள் வெளியூரிலிருக்க, வயோதிகர்கள் தனியே வசிக்கும் வீடுகள் ஐந்தாறு உள்ள எங்கள் கட்டடத்தில் இதை அற்பக் குறையென்று தள்ளிவிட முடியவில்லை.

வானொலி அலைகள் சுவரைக் கடக்கும் என்பது புதிய விஷயமன்று. ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் வருஷத்து வாக்கில் கல்கத்தாவில் அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டியவர். ஆனால் செங்கற்சுவர் வேறு, இரும்புக் கம்பிகளைப் பின்னிக் கான்கிரீட் வார்த்த தளம் வேறு. வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், கம்பி வலையும் கான்கிரீட்டும் சேர்ந்து அதைப் பெரிதும் மறித்துவிடுகின்றன. தளமொன்று 15 டெசிபெல் விழுங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்று தளங்களைத் தாண்டும்போது எஞ்சுவது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு சக்தியே. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் கதி இதனினும் மோசம். ஆகையால் தளம் தாண்டவேண்டிய கேமராவுக்கு 2.4-ஐயே தேர்ந்துகொள்வது நலம்.

ரவுட்டரின் குச்சி ஆண்டெனாவைச் செங்குத்தாக நிறுத்திவைப்பதே நம் வழக்கம். அப்படி நிற்கும் குச்சியிலிருந்து அலை பரவும் உருவம் உளுந்து வடையை ஒத்தது: பக்கவாட்டில் பருத்து, மேலும் கீழும் துளைபோல் மெலிந்திருக்கும். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் எட்டவேண்டுமானால் இரண்டு குச்சிகளில் ஒன்றைப் படுக்கவைக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சிகிச்சையை முதலில் செய்து பார்ப்பது உத்தமம்.

அதிக சக்தியுள்ள ரவுட்டரை வாங்கினால் தீருமென்று எங்களில் பலர் அபிப்பிராயப்பட்டார்கள். இங்கேதான் மூலத்தை மறந்துவிடுகிறோம். சினிமா பார்க்கும்போது ரவுட்டர் பேசுகிறது, நம் கருவி கேட்கிறது. கண்காணிப்பிலோ இடைவிடாமல் பேசுவது கேமரா, கேட்பது ரவுட்டர். கேமராவின் குரல் சன்னமானது. கேட்பவர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பேசுபவரின் குரல் அதனால் உயர்ந்துவிடாது. உரிமமின்றி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கையாள 2005-இல் நம் அரசாங்கம் அனுமதித்தபோது சக்திக்கு வரம்பும் வகுத்தே கொடுத்தது. ஆகவே செய்யத்தக்கது, கேட்கும் காதைக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோய் வைப்பதுதான்.

கேட்ட அலையைத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் அப்படிப்பட்ட ஒரு காது. ஆனால் பலர் அதைக் கேமராவின் பக்கத்திலேயே மாட்டிவிட்டு, பயனில்லை என்று சலித்துக்கொள்வார்கள். அலை சரிவர வராத இடத்தில் அது எதைத்தான் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், திறந்த மாடிப்படிச் சந்தின் அருகே வைப்பதே பொருத்தம். அவ்வாறு வைத்தாலும், ஒரே ரேடியோவால் கேட்டு அதனாலேயே திருப்பிச் சொல்லும் மலிவான ரகங்களில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

மாடிக்கு மாடி கேபிள், மாடிக்குள் மட்டும் காற்று என்பதே பல பிரயத்தனங்களுக்குப் பிறகு நான் வந்தடைந்த முடிவு. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றிச் செல்லும்; எங்கள் கட்டடத்தின் உயரம் அதில் கால் பங்குகூட இல்லை. டெலிபோன் ஒயர்கள் இறங்கும் டக்டின் வழியே, மின்சார ஒயர்களை ஒட்டாமல் ஒரு கேபிளை இறக்கி, கார் நிறுத்துமிடத்துக் கூரையில், கேமராவைக் கேட்கும் காதாக ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை மாட்டினோம். அதற்கு வேண்டிய மின்சாரமும் அந்தக் கேபிளிலேயே வருவதால், கரண்ட் போனாலும் மேலேயுள்ள இன்வெர்ட்டர் அதைக் காக்கிறது. அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் இரைச்சலைத் தவிர்க்க, 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஆள் குறைந்ததைத் தேர்ந்தோம்.

விடியற்காலையில் பால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து பாக்கெட்டுகளை எண்ணி எடுப்பது இப்போது மூன்றாம் மாடியில் விரல் விரலாகத் தெரிகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு கேமரா வேண்டுமென்கிறார்கள். அதே டக்டில் மேல்நோக்கி இன்னொரு கேபிள் இழுக்க அடுத்த வாரம் ஒயரிங்காரர் வருகிறார்.