கந்தோர்க் கணனிகளும் அவற்றின் காவலரும்

பழைய கச்சேரிகளில் திறப்புக் கோவையைத் தம் மேசை இழுப்பறையில் வைத்துக் காத்த ஒருவரை முதியோர் இன்றும் நினைவிற் கொண்டிருப்பர். எந்த அறையில் எந்தக் கோப்பு உளது, எந்த அலுமாரி எவர் கையெழுத்தின்றித் திறக்கப்படலாகாது என்பன யாவும் அவருக்குத் தெரியும். அவர் வராத நாளிலேதான் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது பிறருக்குப் புலப்படும். இக்காலத்துக் காரியாலயங்களில் அவ்விடத்தில் அமர்ந்திருப்பவர் கணனி நிருவாகி. நூறு கணனிகளாயினும் ஐயாயிரமாயினும், எதில் எந்த மென்பொருள் இருக்கலாம், எவர் எதனை மாற்றலாம், வெளியிலிருந்து வரும் திருத்தம் எந்நாளில் உள்ளே விடப்படும் என்பவற்றைத் தம் இருக்கையிலிருந்தே தீர்மானிப்பவர் அவர்.

மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதியே. பல இலட்சம் வரிகள் கொண்ட அத்தொகுதியிற் பிழைகள் மறைந்து கிடத்தல் இயல்பு. பிழையொன்று வெளிப்பட்டதும், அதனை நீக்கும் திருத்தத்தை ஆக்கியோரே இணைய வழியாக அனுப்பிவைப்பர். இதனையே கந்தோர்களில் 'அப்டேற்' எனச் சொல்லக் கேட்கலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003 ஒக்டோபர் தொடக்கம் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் தன் திருத்தங்களை வெளியிட்டு வருகின்றது.

வந்த திருத்தத்தை உடனே ஏற்றுவிட்டால் வேலை முடிந்தது என நேயர் எண்ணக்கூடும். அத்துணை எளிதாயின் நிருவாகி என்றொருவர் வேண்டியதில்லை. திருத்தம் புதியதொரு பிழையைத் தன்னுடன் கொண்டுவரக்கூடும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பழைய மென்பொருள் அதனோடு ஒத்துப்போகாது நின்றுவிடலாம். நேற்றுவரை அச்சிட்ட இயந்திரம் இன்று அச்சிட மறுக்கலாம். மாதக் கடைசியில் இது நேர்ந்தால் நிருவாகி எவர் முகத்தில் விழிப்பார்? ஆகவே, சற்றுப் பொறுத்திருப்போம் என்ற எண்ணம் எழுகின்றது. ஆயினும், திருத்தம் வெளியான அன்றே பிழை இருந்த இடம் கள்வருக்கும் தெரிந்துவிடுகின்றது. ஒரு வீட்டில் ஓட்டை அடைக்கப்பட்ட இடத்தைப் பார்த்தே, அடைக்காத வீடுகளில் அது எங்கே இருக்கும் என அவர்கள் அறிந்துகொள்வர்.

பொறுத்திருந்தமையின் விலை 2017 இல் உலகறிய வெளிப்பட்டது. விண்டோஸ் கணனிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் இருந்த பிழையொன்றுக்கு அவ்வாண்டு மார்ச் 14 ஆம் திகதி மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, 'வனாக்கிரை' என்னும் கேடுநிரல் அதே பிழையின் வழியே புகுந்தது. ஒரு கணனியிலிருந்து மறு கணனிக்குத் தானே தாவிச் சென்று, கோப்புகளைப் பூட்டிவைத்து, 300 டொலர் பெறுமதியான பிற்கொயினைக் கப்பமாகக் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகள் அகப்பட்டன. அந்நிரல் தேடிய இணையப் பெயரொன்றை இளம் ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்ததும் பரவல் தணிந்தது.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிருவாக அமைப்புகளுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சை நாடியோர் தொலைவிலுள்ள வைத்தியசாலைகளுக்குச் செல்ல நேர்ந்தது. இரத்தான சந்திப்புகள் 19,000 க்கு மேல் இருக்கலாம் என அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் மதிப்பிட்டது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டிருந்தன. அவற்றின்படி நடந்தோர் எவர், நடவாதோர் எவர் என அறியும் முறையான ஏற்பாடு மேலிடத்தில் இருக்கவில்லை. இதனைச் சோம்பல் என்று மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் கணனியில் வைத்தியசாலை நிருவாகி தாமாகக் கைவைக்க இயலாது. அதனை விற்றவர் வந்தே மாற்றல் வேண்டும்.

அத்தகைய தாமதத்தை இலங்கையும் அனுபவித்தது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் கேடுநிரலொன்று தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்துபோயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அச்சேவை இயங்கிய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குத் திருத்தம் வழங்குவதை ஆக்கியோர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தனர். புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 இலேயே இருந்தும், பணமின்மையும் வேறு தீர்மானங்களும் அதனைத் தள்ளிப்போட்டன. அவ்விடைக்காலக் கடிதங்களுக்குப் பிரதியும் இருக்கவில்லை. பிரதி எடுப்பது நிருவாகியின் கடமைகளுள் மிகச் சலிப்பானது. எவரும் அதற்காகப் பாராட்டுவதில்லை.

இவற்றைக் கேட்டபின், எத்திருத்தமும் வந்த கணமே எல்லாக் கணனிகளுக்கும் போகட்டும் என ஒருவர் கூறலாம். அவருக்கு விடை 2024 யூலை 19 ஆம் திகதி கிடைத்தது. கணனிகளைக் கேடுநிரல்களிலிருந்து காக்கும் மென்பொருளை விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், இலங்கை நேரப்படி அன்று காலை 9.39 மணிக்குச் சிறியதொரு கோப்பைத் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பியது. அக்கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிய கணனிகள் நீலத் திரையுடன் நின்றன. 78 நிமிடங்களுள் கோப்பு மீளப் பெறப்பட்டது. அதற்குள் 85 இலட்சம் கணனிகள் வீழ்ந்துவிட்டன. டெல்ற்றா விமான நிறுவனம் ஐந்து நாள்களில் ஏறத்தாழ 7,000 பறப்புகளை இரத்துச் செய்தது. இங்கிலாந்தின் குடும்ப வைத்தியர் பலர் நோயாளர் விவரங்களைத் திரையிற் காணாது, கடதாசியும் பேனாவும் எடுக்க நேர்ந்தது.

நின்றுபோன கணனி தொலைவிலிருந்து வரும் கட்டளையைக் கேட்குமளவுக்குக்கூட விழிப்பதில்லை. ஆதலால் நிருவாகிகள் ஒவ்வொன்றின் முன்னும் சென்று, பாதுகாப்பு நிலையில் அதனைத் தொடக்கி, அக்கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று. பூட்டப்பட்ட வட்டுள்ள கணனிகளுக்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பும் தேவைப்பட்டது. அத்திறப்புகளின் பட்டியல் நின்றுபோன கணனியொன்றினுள்ளேயே இருந்தால் நிலைமை யாதாகும் என்பதை நேயர் ஊகித்துக்கொள்ளலாம். பட்டியலைக் கடதாசியில் அச்சிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கும் பழைய வழக்கம் நகைப்புக்குரியதன்று.

தேர்ந்த நிருவாகிகள் கையாளும் வழி படிமுறையானது. திருத்தம் முதலில் நாலைந்து கணனிகளுக்குப் போகும். இரண்டொரு நாளின் பின் ஒரு பிரிவுக்கு. அங்கும் முறைப்பாடு எழாவிடின் முழுக் காரியாலயத்துக்கும். மாதாந்தத் திருத்தங்களை 30 நாள் வரை பிற்போட விண்டோஸ் இடமளிக்கின்றது. வெளியே தாக்குதல் தொடங்கிவிட்ட பிழையாயின் ஒருநாளும் பொறுத்தலாகாது. 2024 இல் பல நிறுவனங்கள் இப்படிமுறையை வைத்தே இருந்தன. ஆயினும், அவை காவல் வைத்தது மென்பொருளின் புதிய பதிப்புகள் வரும் வாயிலில். பழுதான கோப்போ அவசர அறிவுறுத்தல்களுக்கென இருந்த வேறு வாயிலால், எவர் அனுமதியும் கேளாது, எல்லோருக்கும் ஒரே வேளையில் வந்தது. அதன் பின்னரே அந்நிறுவனம் அக்கோப்புகளையும் படிப்படியாக அனுப்பவும், வாடிக்கையாளர் அவற்றைக் கட்டுப்படுத்தவும் வழி செய்தது. தம் காரியாலயத்துக்கு எத்தனை வாயில்கள் உள என்பதை எண்ணிப் பார்த்த நிருவாகிகள் அன்றுவரை சிலரே.

உத்தியோகத்தருக்கு நிருவாகிமேல் ஒரு மனக்குறை உண்டு. தமக்கு வேண்டிய மென்பொருளைத் தாமே ஏற்ற முடிவதில்லை என்பதே அது. குறை நியாயமானதே, ஆனால் இலிகிதர் ஒருவரின் கணக்குக்கு முழு அதிகாரமும் இருப்பின், அவர் தவறுதலாகத் திறந்த கடிதத்தோடு வந்த கேடுநிரலுக்கும் அதே அதிகாரம் கிட்டிவிடும். மறுத்துவிட்டு நாற்பது நாள் மறுமொழி கூறாதிருக்கும் நிருவாகியும் உளர். அத்தகைய இடங்களிலேயே உத்தியோகத்தர் சொந்தக் கைத்தொலைபேசியிற் கந்தோர் வேலை செய்யத் தொடங்குகின்றனர். அக்கருவி எந்தப் பட்டியலிலும் இராது.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைத் திருத்தங்கள் இலங்கைக்கு வந்துசேரும்போது இரவு பத்தரை மணி, குளிர்காலமாயின் பதினொன்றரை. புதன் காலையில் அவை ஏற்றப்படும் நாலைந்து கணனிகளுள் முதலாவது, பெரும்பாலும் நிருவாகியின் சொந்த மேசையில் உள்ளதாகவே இருக்கும்.