பயமுறுத்தும் பிஞ்சு முகங்கள்

பேய்ப்படம் என்றதும் விரித்த தலையும் வெள்ளைச் சேலையும் சலங்கை ஒலியும்தான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாமல், தலைவாரி, மரியாதையாகப் பேசும் ஒரு சிறுவனை நிற்க வைத்தே நடுங்க வைத்த படங்களும் உண்டு. இங்கிலாந்தில் படமாக்கப்பட்ட இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்கள் அவற்றில் குறிப்பிடத்தக்கவை.

ஒளிரும் கண்கள்

முதலாவது, 1960-ல் வுல்ப் ரில்லா இயக்கிய 'வில்லேஜ் ஆப் தி டாம்ன்டு'. மிட்விச் என்ற கிராமமே ஒருநாள் மயங்கி விழுகிறது. சில மணி நேரத்தில் எல்லோரும் எழுந்து விடுகிறார்கள். பிறகு பார்த்தால், ஊரில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் எல்லாம் கர்ப்பம்! பிறக்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே சாயல். வெளிர் பொன்னிற முடி. பிறர் மனத்தைப் படித்து விடுகிறார்கள். அவர்கள் கண் ஒளிர்ந்தால், எதிரே நிற்பவர் அவர்கள் நினைத்ததைச் செய்தே தீரவேண்டும். தன் மனத்தை அவர்களிடமிருந்து மறைக்க, வளர்த்த தந்தை ஒரு செங்கல் சுவரையே நினைத்தபடி உட்கார்ந்திருக்கும் காட்சியை யார்தான் மறக்க முடியும்?

ஏரிக்கரை உருவம்

அந்தக் கூட்டத்தின் தலைவனாக நடித்த மார்ட்டின் ஸ்டீபன்ஸ்தான், 1961-ல் ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னசென்ட்ஸ்' படத்தின் சிறுவன் மைல்ஸ். ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் வெளியிட்ட கதை இது. மைல்சும் தங்கை ப்ளோராவும் பெற்றோரை இழந்தவர்கள். லண்டனில் வாழும் பெரியப்பா, "என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்ற நிபந்தனையோடு ஓர் ஆசிரியையிடம் அவர்களை ஒப்படைத்து ஒதுங்கி விடுகிறார். ஆசிரியையாக டெபோரா கெர்.

பட்டப்பகலில், ஏரிக்கு அப்பால், நாணல் நடுவே கறுப்புடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். இறந்துபோன பழைய ஆசிரியை! ஆனால் வீட்டு நிர்வாகி அம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆவி குழந்தைகளைப் பிடித்திருக்கிறதா, ஆசிரியையின் மனப்பிரமையா? படம் கடைசிவரை சொல்வதில்லை. அந்தச் சந்தேகத்துக்கு விலையாக ஒரு பிஞ்சு உயிர் போகிறது.

நம் வீட்டுக் கண்கள்

இந்தப் படங்களின் கவர்ச்சி பேயில் இல்லை. குழந்தையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் போய் இறங்கும்போது, தாயின் முந்தானைக்குப் பின்னால் நின்று, சிரிக்காமல் நம்மையே பார்க்கும் நம் பிள்ளையின் பார்வை ஒரு கணம் நெஞ்சைக் குளிரச் செய்வதில்லையா?

நாம் அந்தப் பெரியப்பாவைப் போல ஒதுங்கியவர்கள் அல்ல. வயிற்றுப்பாடு நம்மைத் தள்ளி வைத்திருக்கிறது. மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு நாள் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தக் கண்கள் மெல்லச் சிரித்துவிடும்.

அந்த மாளிகைப் பிள்ளைகளிடம் அப்படி வந்து உட்காரப் பெரியப்பாவுக்கு மனம் வரவில்லை. படம் முடிந்த பிறகும் நம்மை உறுத்துவது அதுதான்.