புதிய எண்ணங்கள் பிறக்கும் வழி

தொழில் செய்யும் இடத்தில் இடர் ஒன்று நேரும்போது புதுவழி காண்பவர் சிலரே. அவரைப் பிறவியிலேயே கூரிய மதி படைத்தவர் எனப் புகழ்ந்துவிட்டு, ஏனையோர் பழைய தடத்திலேயே நடந்து செல்வது உலக வழக்கு. இவ்வழக்கு இரு சாராருக்கும் தீங்கு செய்கின்றது. புகழப்பட்டவர் எந்நாளும் தாமே வழிகாட்ட வேண்டும் என்னும் சுமையைத் தாங்குகின்றார். ஏனையோர் சிந்திக்கும் கடமையினின்றும் விலகிக்கொள்கின்றனர். உண்மையில், புதிய எண்ணம் வானத்திலிருந்து விழும் வரம் அன்று. அதற்கு உழவு உண்டு, விதைப்பு உண்டு, காத்திருப்பு உண்டு, களை பிடுங்கலும் உண்டு. இவற்றை உரிய வரிசையிற் செய்வோமாயின் நம்மிற் பெரும்பாலார் நல்ல எண்ணங்களைப் பெறலாம். விதைக்கும் போதே களை பிடுங்கத் தொடங்குவதுதான் நாம் பெரும்பாலும் செய்யும் பிழை. நேயர்களே, அவ்வரிசையைப் பற்றியே இன்று சில கூற விரும்புகின்றேன்.

பழைய வழி நம்மை ஏன் விடாது பற்றிக்கொள்கின்றது என்பதை முதலில் ஆராய்வோம். கார்ல் டுங்கர் என்னும் ஜேர்மானிய உளவியலறிஞர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் ஓர் எளிய சோதனையை விளக்கியுள்ளார். மெழுகுதிரிகளைக் கதவின்மேற் கண்மட்டத்தில் நிறுத்த வேண்டும். மேசைமீது மெழுகுதிரிகள், நெருப்புக்குச்சிகள், சிற்றாணிகள், சிறு அட்டைப்பெட்டிகள் முதலியன உள்ளன. பெட்டியை ஆணியாற் கதவிற் பொருத்தி, அதன்மேல் மெழுகுதிரியை நிறுத்துவதே விடை. பெட்டிகள் வெறுமையாக இருந்தபோது இவ்விடையைக் காண்பது எளிதாயிற்று. அவற்றினுள் ஆணி முதலிய பொருள்களை இட்டு வைத்தபோதோ பலர் விடை காணாது திகைத்தனர். பெட்டி என்பது பொருளை உள்ளே வைப்பதற்கு உரியது என்று அவர்தம் மனம் முன்னரே முடிவு கட்டிவிட்டது.

நமது கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் இத்தகைய பெட்டிகள் பல உள. நூலகம் என்பது நூல்களை அடுக்கும் அறை; இலிகிதர் என்பவர் கடிதம் எழுதுபவர்; காவலாளி என்பவர் வாயிலைக் காப்பவர். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் ஒரே பயனை விதித்துவிடுகின்றோம். நீண்டகால அனுபவம் பெரும் செல்வமே. எனினும், பெட்டியை ஆணியால் நிரப்பி வைப்பதும் அவ்வனுபவமே என்பதை மறத்தலாகாது.

இனி, வினாவைப் பற்றிக் கவனிப்போம். கிராமப் பாடசாலை ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். மாரிகாலத்திற் பிள்ளைகள் பலர் நாள்தோறும் பிந்தி வருகின்றனர். ஆசிரியர் கூட்டத்திலே, ‘பிந்தி வருவோரை என்ன செய்வது?’ என்று கேட்டால் வரும் விடைகள் யாவும் தண்டனை பற்றியனவாகவே இருக்கும். ஏனெனில், வினாவே பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. ‘எந்தப் பிள்ளையும் முதற் பாடத்தை இழவாதிருக்க என்னென்ன செய்யலாம்?’ என்று வினாவை மாற்றுங்கள். நேரசூசியை மாற்றலாமா, விட்ட பாடத்தைப் பின்னர்க் கற்பிக்கலாமா, வரும் வழியைச் சீர்செய்யலாமா என மனம் பல திசைகளிலும் செல்லத் தொடங்கும். ‘என்ன’ என்று கேளாது ‘என்னென்ன’ என்று கேட்பதிலும் பயன் உண்டு. முன்னது ஒரு விடையோடு நின்றுவிடும். பின்னது பலவற்றைத் தேடும்.

பல விடைகளைத் தேடும்போது கைக்கொள்ள வேண்டிய விதியை, அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றின் பங்காளராய் இருந்த அலெக்ஸ் ஒஸ்போண் என்பவர் வகுத்துத் தந்தார். 1939ஆம் ஆண்டளவிலே தம் அலுவலர்களைக் கூட்டி அவர் தொடங்கிய முறையே, இன்று நம் ஆசிரியர் கைந்நூல்களிற் ‘சிந்தனைக் கிளறல்’ என வழங்குகின்றது. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. அவர் கூறிய விதிகள் நான்கு. எண்ணங்கள் வந்துகொண்டிருக்கும்போது எதனையும் குறை கூறுதல் ஆகாது. விசித்திரமான எண்ணத்தையும் வரவேற்க வேண்டும். இயன்ற அளவு மிகுதியாகச் சேர்க்க வேண்டும். பிறர் கூறியதோடு ஒன்றைக் கூட்டி அதனை வளர்க்க வேண்டும். இந்நான்கிலும் உயிரானது முதல் விதியே. தீர்ப்பை ஒத்திவைத்தல் வேறு, தீர்ப்பைக் கைவிடுதல் வேறு. ஒஸ்போண் கூறியது ஒத்திவைத்தலையே.

ஆயினும், கூடியிருந்து பேசினாற் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று இதனைத் தெளிவாக்கியது. சிலரை நால்வர் நால்வராகக் கூடியிருந்து எண்ணங்களைக் கூறச் செய்தனர். வேறு சிலரைத் தனித்தனியே கூறச் செய்தனர். பின்னர்த் தனியே கூறியோரின் விடைகளை நால்வருக்கு ஒரு தொகையாகச் சேர்த்து, மீண்டும் வந்தவற்றை நீக்கி எண்ணினர். தனியே சிந்தித்தோரின் தொகையே மிகுந்து நின்றது. இதற்குரிய காரணங்களுட் பெரியதொன்றை 1987ஆம் ஆண்டில் டீல், ஸ்ட்ரோபே என்னும் இரு அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். கூட்டத்தில் ஒருவர் பேச ஏனையோர் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பில் எண்ணம் மறந்துபோகின்றது, அன்றேல் மங்கிப்போகின்றது.

ஆகவே, முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் மௌனமாக எழுதச் செய்தல் நன்று. பின்னர் எல்லாவற்றையும் பலகையில் எழுதிச் சேர்க்கலாம். தலைவராய் உள்ளவர் தம் கருத்தை இறுதியிலே கூற வேண்டும். அவர் முதலிற் கூறினால், ஏனையோர் அதனைச் சுற்றியே வலம் வருவர். இவ்வேளையிற் காவலாளியையும் கேட்க மறவாதீர்கள். வீதி மதகின்மேல் வெள்ளம் பாய்வதால் ஒரு பகுதிப் பிள்ளைகள் நெடுந்தூரம் சுற்றி வருகின்றனர் என்பது, ஆசிரியர் அறியாது அவர் மாத்திரம் அறிந்த செய்தியாக இருத்தல் கூடும். சொன்னவர் யார் என்று பாராது சொல்லின் மெய்ம்மையைப் பார்க்குமாறு வள்ளுவர் பணித்தார். சிறு வகுப்புப் பிள்ளையும் அக்குறளை ஒப்புவிக்கும். அதனைக் கூட்ட அறையிற் கடைப்பிடிப்பதுதான் அரிது.

எண்ணங்களைச் சேர்த்தபின் உடனே முடிவு செய்யாது சிறிது காலம் விட்டுவைப்பதும் பயன் தரும். பிரான்சியக் கணித மேதை ஹென்றி புவங்காரே 1908ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஒரு செய்தி கூறுகின்றார். கடினமான கணிதப் பிரச்சினையொன்றில் நாட்கணக்காக உழைத்தபின், அதனை மறந்து ஒரு பயணம் மேற்கொண்டார். வண்டியின் படியிற் காலை வைத்த கணத்தில், தேடிய தொடர்பு தானே தோன்றிற்று. இங்கே இரண்டைக் கவனித்தல் வேண்டும். அக்கணத்துக்கு முன்னே கடும் உழைப்பு இருந்தது. ஊர் திரும்பியபின் அவர் அவ்வெண்ணத்தைச் சரிபார்க்கவும் செய்தார். உழைக்காதவன் ஓய்ந்திருந்தால் ஓய்வு மாத்திரமே மிஞ்சும்.

அதன் பின்னரே தீர்ப்பு வருதல் வேண்டும். அப்போது தயவு தாட்சணியம் வேண்டியதில்லை. இது நமது அதிகாரத்துக்கு உட்பட்டதா? இதற்கு வேண்டும் பணமும் நேரமும் எவ்வளவு? பிழைத்துப்போயின் யாருக்குத் தீங்கு? இம்மூன்றையும் கேட்டு, எஞ்சுவதைச் சிறிய அளவிற் சோதித்துப் பார்க்க வேண்டும். முதற் பாடவேளையில் வாசிப்பை வைப்பது நல்லதாகத் தோன்றினால், ஒரு வகுப்பில் இரு வாரம் நடத்திப் பார்க்கலாம். மருந்து அளப்பவரும் பொதுப்பணத்துக்குக் கணக்கு வைப்பவரும் விதியை மீறிப் புதுமை செய்தல் தகாது. அவர்களுக்கும் எண்ணம் வேண்டும். ஆனால் சோதித்து ஒப்புக்கொண்ட பின்னரே அதனை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

இத்துணை முயற்சியும் எதற்காக என்று கேட்கலாம். ஐந்து யோசனைகளோடு வந்த இளம் ஆசிரியர் ஒருவர், ‘இங்கே அது சரிவராது’ என்னும் விடையை ஐந்து முறை கேட்டபின், ஆறாவது யோசனையைக் கொண்டுவர மாட்டார். அவர் நேரத்துக்கு வருவார், கையொப்பமிடுவார், பாடம் நடத்திவிட்டுப் போவார். பதிவேட்டில் யாதொரு குறையும் காணப்படாது. ஆனால் பாடசாலை ஒரு மனிதரின் சிந்தனையை இழந்துவிட்டது. தாம் சிந்திப்பதை நிறுத்திவிட்ட ஆசிரியரிடம் பிள்ளைகள் சிந்திக்கக் கற்பது எங்ஙனம்? கந்தோர், தொழிற்சாலை, வைத்தியசாலை எங்கும் இதே நிலைதான்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனம், அமெரிக்காவின் போர்ட் தொழிற்சாலையிற் கண்டதைப் பின்பற்றி, 1951ஆம் ஆண்டிலே தொழிலாளரின் யோசனைகளைப் பெறும் திட்டமொன்றைத் தொடங்கியது. பொறியின் அருகில் நிற்பவருக்கே அதன் குறை முதலில் தெரியும் என்னும் எளிய உண்மையே இத்தகைய திட்டங்களுக்கு அடிப்படை. யோசனைப் பெட்டியை வாயிலில் மாட்டிவிடுவது எவருக்கும் எளிது. அதில் இட்ட ஒவ்வொரு தாளுக்கும் விடை கொடுப்பதே அப்பெட்டியை உயிரோடு வைத்திருக்கும். ஏற்க இயலாத யோசனையாயினும், இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று அதனைத் தந்தவருக்குச் சொல்ல வேண்டும். காரணம் அறிந்தவர் மனம் தளர்வது குறைவு. மறுமுறை அதிலும் நல்ல யோசனையைக் கொண்டுவருவார்.

அடுத்த முறை உங்கள் வேலைத்தலத்திற் கூட்டம் கூடும்போது இவற்றுள் ஒன்றையேனும் செய்து பாருங்கள். வினாவை ‘என்னென்ன’ என்று தொடங்குங்கள். எழுதத் தாளும் பத்து நிமிடமும் கொடுங்கள். வழக்கமாக வாய் திறவாதவர் எழுதியதை முதலில் வாசியுங்கள். அவர் என்ன எழுதியிருக்கின்றார் என்பதை அறிந்தபின், நீங்கள் கூற எண்ணியிருந்ததைக் கூறலாம்.